ரன்புக்கில் விட்டுப்போகும் அந்த ஒரு வரி

2017 ஜனவரி 31 இரவு. மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில், முதன்மை டேட்டாபேஸின் நகலாக இருந்து பின்தங்கிப்போன துணை டேட்டாபேஸை மறுபடி நிரப்ப, ஒரு பொறியாளர் 'பிஜி_பேஸ்பேக்கப்' என்ற நகலெடுக்கும் கமாண்டை ஓட்டுகிறார். திரையில் எதுவும் வரவில்லை. முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும்வரை அது சத்தமில்லாமல் காத்திருக்கும். அதன் சுபாவமே அப்படித்தான். ஆனால் அவர்களுடைய ரன்புக்கில், அதாவது எந்த வேலையை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் கையேட்டில், இது தெளிவாக இல்லை. ஏதோ கோளாறு என்று நினைத்து, டேட்டா இருக்கும் டைரக்டரியை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டப் பார்த்தார். துணை சர்வரில் அழிக்க நினைத்தவர் அழித்ததோ முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

ரன்புக் எழுதுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்: கமாண்டை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவது. எழுதுகிறவருக்கு அது தினசரிப் பழக்கம். படிப்பவரோ நடுராத்திரி அரைத் தூக்கத்தில் இருப்பார். எந்த சர்வரில் ஓட்ட வேண்டும், திரையில் என்ன தெரியும், எவ்வளவு நேரம் பொறுக்கலாம், அதற்குள் எதைத் தொடக் கூடாது என்பதையெல்லாம் கமாண்டுக்குக் கீழேயே எழுதுங்கள்.

அடுத்தது, செய்து பார்க்காததை நடப்பதாக எழுதுவது. அதே சம்பவத்தில் தினசரி பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் கருவி 9.2. அதனால் பேக்கப் தோல்வியடைந்துகொண்டே இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) காப்பாற்றியது. 'தினமும் பேக்கப் எடுக்கப்படுகிறது' என்ற வாக்கியத்தை விட, கடைசியாக என்றைக்கு மீட்டுப் பார்த்தோம் என்ற தேதி உருப்படியானது.

தேதி என்றதும் இன்னொன்று. ஆவணங்களை வைத்திருக்கும் விக்கி காட்டும் 'கடைசியாகத் திருத்தியது' தேதியை நம்ப வேண்டாம். யாரோ எழுத்துப்பிழை திருத்தினாலும் அது புதுசாகிவிடும். 'சரிபார்த்த தேதி' என்று தனியாக ஒரு வரி வையுங்கள். பொறுப்பாளர் என்ற இடத்தில் டீம் பெயரைப் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு ஆளின் பெயர் வேண்டும்.

நிரல் (கோட்) மாறும்போது ஆவணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் வழக்கமான கதை. அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. ஆவணத் திருத்தமும் அதே புல் ரிக்வெஸ்டில் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில்) வரட்டும்.

பழைய பக்கத்தை அழிக்க யாருக்கும் மனசு வராது. சரி, அழிக்க வேண்டாம். ஆனால் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். அதன் தலைப்பிலேயே 'பழையது' என்று போட்டு, புதிய பக்கத்தின் லிங்க்கை முதல் வரியில் வையுங்கள்.