நீதிபதியின் அறையில் தொல்லையா? கிளர்க்குகள் செய்ய வேண்டியது

அமெரிக்க ஃபெடரல் நீதிமன்ற சட்ட கிளர்க்குகளுக்கு (நீதிபதிக்குச் சட்ட ஆய்விலும் தீர்ப்பு எழுதுவதிலும் உதவும் சட்டம் படித்தவர்கள்) 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்தின் டைட்டில் 7, அதாவது பணியிடப் பாகுபாட்டைத் தடுக்கும் பகுதி, பொருந்தாது. நீதிமன்றத்தின் இடிஆர் (பணியிடத் தகராறு தீர்வு) திட்டம்தான் வழி.

நடந்ததை அன்றே எழுதுங்கள்: தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், உடனிருந்தவர்கள். அலுவலக லேப்டாப்பில் வேண்டாம். வழக்குத் தாள்களையும் சேர்க்காதீர்கள். ரகசியக் காப்பு விதி வழக்கு விவரங்களுக்குத்தான். தவறான நடத்தையைச் சொல்ல அது தடையில்லை. 2019-ல் இதைத் தெளிவாக்கினார்கள்.

பிறகு இடிஆர் ஒருங்கிணைப்பாளரிடமோ சர்க்யூட்டின் (உங்கள் வட்டார ஃபெடரல் நீதிமன்றத் தொகுப்பின்) பணியிட உறவு இயக்குநரிடமோ பேசுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஆலோசனை, சமரசம் என்று மாதங்கள் ஓடும். முறையான புகாருக்கான 180 நாள் கெடுவோ நிற்காது. கெடுவை நீட்டிக்கத் தனியே அனுமதி பெற வேண்டும். அதனால் முதல் நாளே கடைசித் தேதியைக் குறித்துவையுங்கள்.

அதே நீதிபதியிடம் தொடர முடியாவிட்டால் தற்காலிக இடமாற்றம் கேளுங்கள். இடிஆர் நிவாரணம் உங்களுக்கானது. நீதிபதி மீது நடவடிக்கை வேண்டுமானால் 1980-ன் நீதித்துறை நடத்தைச் சட்டப்படி தனிப் புகார் கொடுக்க வேண்டும்.