பல விரல்களை அறியும் ஒளித் தொடுதிரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையைச் சுற்றிப் பொருத்தி, ஒளியால் தொடுதலை அறியும் சட்டத்தை முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்கள், சென்சார் விரலைப் பார்க்கிறது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. சென்சாருக்குத் தெரிவது விரலின் நிழல் மட்டுமே. திரையின் இரண்டு ஓரங்களில் அகச்சிவப்பு எல்.இ.டி.கள், அவற்றுக்கு எதிரே ஒளி உணரிகள். எந்தெந்தக் கதிர்கள் மறைந்தன என்பதை வைத்து, விரல் எங்கே இருக்கிறது என்று நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

1972-இல் வந்த பிளேட்டோ 4 கணினி முனையத்திலேயே 16×16 அகச்சிவப்புக் கட்டம் இருந்தது. ஒரு விரலுக்கு அந்த நேர்க்கோட்டுக் கணக்கு போதும். இரண்டு விரல்களுக்குப் போதாது. கிடையில் இரண்டு நிழல், செங்குத்தில் இரண்டு நிழல் விழுந்தால் அவை நான்கு இடங்களில் வெட்டிக்கொள்ளும். இரண்டு உண்மை, இரண்டு போலி. மூன்று விரல்கள் என்றால் ஒன்பது இடங்கள் வரை போகும்.

இதில் ஆபத்து என்னவென்றால், போலி ஜோடியைத் தேர்ந்தெடுத்தாலும் படத்தைப் பெரிதாக்கும் சைகை சரியாகவே வேலை செய்யும். இரண்டு ஜோடிகளுக்கும் இடைத்தூரம் ஒன்றுதானே! இரண்டு விரலால் படத்தைச் சுழற்றிப் பாருங்கள், அது எதிர்த்திசையில் சுற்றும். அதனால் பெரிதாக்கும் சைகையை மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது.

முதலில் பட்ட விரலை நினைவில் வைத்துக்கொண்டு, புதிதாக வந்த நிழல் அடுத்த விரலுடையது என்று முடிவு செய்வது ஒரு வழி. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் பட்டாலோ, ஒரே வரிசையில் வந்து மீண்டும் பிரிந்தாலோ குழப்பம் திரும்பிவிடும். ஒவ்வொரு எல்.இ.டி.யின் ஒளியையும் எதிரே உள்ள பல உணரிகளால் படித்து, சாய்ந்த கதிர்களையும் கணக்கில் சேர்ப்பதே நம்பகமான வழி என்பேன். போலிப் புள்ளியைக் கடந்து போகும் சாய்ந்த கதிர் பெரும்பாலும் மறைவதில்லை. மென்பொருளில் எத்தனை ஒட்டுப் போட்டாலும் இதற்கு ஈடாகாது.

சரி, இடங்கள் தெரிந்துவிட்டன. அடுத்த ஃபிரேமில், அதாவது உணரிகளை அடுத்த முறை படிக்கும்போது, எந்தப் புள்ளி எந்த விரல்? அருகில் இருப்பதை எடுத்துக்கொள்வதுதான் பலர் எழுதும் முதல் நிரல். 0 மி.மீ.யிலும் 20 மி.மீ.யிலும் இரண்டு விரல்கள் இருக்கின்றன; இரண்டும் நொடிக்கு 90 செ.மீ. வேகத்தில் வலப்பக்கம் போகின்றன. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் அடுத்த ஃபிரேமில் அவை 15-இலும் 35-இலும் இருக்கும். 20-இல் இருந்த விரலுக்கு மிக அருகில் இருப்பது 15. அதை அது பிடித்துக்கொள்ள, முதல் விரலுக்கு 35 போய்ச் சேரும். அடையாளம் மாறிவிட்டது.

ஒவ்வொரு விரலாகப் பார்க்காமல் மொத்தத் தூரம் குறைவாக இருக்கும் பொருத்தத்தைத் தேடினால் இது நடக்காது. சரியான பொருத்தத்துக்கு மொத்தம் 30, தவறானதற்கு 40. மொத்தத் தூரம் மிகக் குறைவான பொருத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஹங்கேரியன் முறை (Hungarian algorithm) என்ற கணக்கு வழி இதற்கென்றே இருக்கிறது. நொடிக்கு 120 ஃபிரேம் கிடைத்தால் இந்த உதாரணத்தில் எளிய முறையே தப்பித்துவிடும். கிடைக்காதபோது விரலின் முந்தைய வேகத்தை வைத்து அடுத்த இடத்தை ஊகித்து, அங்கிருந்து தூரம் அளக்கலாம்.

ஒரு விரல் இன்னொன்றின் நிழலில் மறைந்த உடனே, அதற்குக் கொடுத்த அடையாள எண்ணை அழித்துவிடுவதும் தவறு. சில ஃபிரேம்கள் பொறுத்திருங்கள். தொடுதல் தொடங்குவதற்கும் முடிவதற்கும் ஒரே வரம்பு வைத்தால், விளிம்பில் நிற்கும் விரல் விட்டுவிட்டுத் துடிக்கும். தொடங்க அதிக மறைப்பு, முடிய குறைந்த மறைப்பு என இரண்டு வரம்புகள் வேண்டும்.

அப்புறம் வெளிச்சம். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. எல்.இ.டி.யை அணைத்து ஓர் அளவு, எரியவிட்டு ஓர் அளவு எடுத்துக் கழித்துவிடலாம். உணரி ஏற்கெனவே நிரம்பி வழியும் வெளிச்சத்தில் இந்தக் கழித்தல் உதவாது. சட்டத்துக்கு மறைப்போ ஒளிவடிகட்டியோதான் வேண்டும்.

கணக்கிட்ட புள்ளியின் நடுக்கத்தை மறைக்க ஐந்து ஃபிரேம்களின் சராசரி எடுப்பவர்களும் உண்டு. 60 ஃபிரேமில் அது சுமார் 33 மில்லி விநாடி தாமதம். வேகமாக வரைபவருக்கு, கோடு விரலுக்குப் பின்னால் இழுபட்டு வருவது கண்ணுக்கே தெரியும்.