நோர்புலிங்காவுக்கு முதல்முறை போகிறீர்களா?

தரம்சாலா போகிறவர்களில் பலர் மேலே மெக்லியோட் கஞ்சில் மோமோ சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கீழே சித்பூரில் இருக்கும் நோர்புலிங்கா நிறுவனத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். திபெத்தியக் கைவினைகள் அகதி வாழ்க்கையில் அற்றுப்போகாமல் இருக்க 1988இல் தொடங்கப்பட்ட இடம் இது. லாசாவில் தலாய் லாமா கோடையில் தங்கிய அரண்மனையின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள்.

படி 1: நாள் பாருங்கள்
ஞாயிறு வேண்டாம், பட்டறைகளுக்கு விடுமுறை. நான் முதல்முறை ஞாயிறன்று போய்த் தோட்டத்தை மட்டும் சுற்றிவிட்டு வந்தவன். லோசர் என்ற திபெத்தியப் புத்தாண்டு நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: போய்ச் சேருங்கள்
பதான்கோட் வரை ரயில், அங்கிருந்து தரம்சாலாவுக்குப் பஸ். டெல்லியிலிருந்து இரவு பஸ்ஸும் உண்டு. ஊருக்குள் டாக்ஸி போதும்.

படி 3: தங்கா அறையில் நில்லுங்கள்
தங்கா என்பது துணியில் தீட்டும் சுருள் ஓவியம். அவசரப்படாமல் ஒரே ஓவியரின் பக்கத்தில் நின்று பாருங்கள். பருத்தித் துணியை மரச்சட்டத்தில் நூலால் இழுத்துக் கட்டி, சுண்ணப்பொடியும் தோல்பசையும் கலந்து பூசி, வழவழப்பாகும் வரை தேய்த்திருப்பார்கள். அதன்மேல் அளவுக்கோடுகள். நம் ஸ்தபதிகள் சிலைக்குத் தாலமானம் என்ற அளவுக்கணக்கு பார்ப்பது போலத்தான். புத்தரின் முகம் இத்தனை அளவு என்றால் அத்தனைதான், ஓவியர் இஷ்டத்துக்கு இடமில்லை. தூரிகை நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தி, ஒரே மேகத்தின் ஓரத்தை வெளிர்நீலத்திலிருந்து அடர்நீலத்துக்குக் கொண்டுபோவார்கள். கால்மணி நேரம் பார்த்தாலும் மேகம் முடிந்திருக்காது! கண் திறப்பது கடைசியில், அதுவும் நம்மூர் வழக்கம் போலவே. பேச்சுக் கொடுக்காதீர்கள். படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: செம்புப் பட்டறை
சத்தம் வரும் பக்கம் போனால் போதும். சுவாமிமலை மாதிரி மெழுகு வார்ப்பு இல்லை. செப்புத் தகட்டை முன்னும் பின்னும் தட்டித் தட்டியே உருவம் எழுப்புகிறார்கள். அடுத்து மரச்செதுக்கு, தையல்.

படி 5: கோயிலும் பொம்மைகளும்
கோயிலை வலமாகச் சுற்றுங்கள். உள்ளே இருக்கும் பெரிய புத்தர், செம்புப் பட்டறையில் பார்த்துவிட்டு வந்தீர்களே, அதே கைவேலைதான். அப்புறம் லோசெல் பொம்மை அருங்காட்சியகம்: திபெத்தின் வெவ்வேறு வட்டாரத்து உடைகள் பொம்மைகளின் மேல். குழந்தைகள் இருந்தால் இங்கேதான் நேரம் போகும்.

படி 6: கடை
இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போனால் தங்காவின் விலை தலைசுற்ற வைக்கும். அந்த மேகத்தைப் பார்த்துவிட்டுப் போனால் பேரம் பேச வாய் வராது. கையைக் கடிக்காமல் ஏதாவது வேண்டுமென்றால் சின்னத் துணிப்பை பாருங்கள்.