ஓடப் போகுமுன் குளிசையைப் பாருங்கள்

டிக்கோயாவில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறேன். மழையும் பனியும் வந்தால் பாதிப் பேருக்கு மூச்சிரைப்புதான். அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் சில, ஊக்கமருந்து என்று விளையாட்டில் தடைசெய்யப்பட்டவை.

பார்மசியில் வாங்கியதும் பெட்டியில் மருந்தின் பெயரைத் தேடுங்கள். கம்பனி வைத்த பெயர் உதவாது. பிரெட்னிசொலோன் குளிசையா? நில்லுங்கள், போட்டிக் காலத்தில் அதற்குத் தடை. மூச்சிரைப்புக்கு இழுக்கும் சல்பியூட்டமோல் பம்ப் பரவாயில்லை, ஆனால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், 8 மணி நேரத்தில் 600, அதைத் தாண்டக் கூடாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்தின் தடைப்பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1இலும் மாறும்.

அந்த மருந்துதான் வேண்டுமென்றால் நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரின் கடிதத்தோடு இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்திடம் சிகிச்சை விலக்கு, அதாவது தடைப்பட்ட மருந்தைச் சிகிச்சைக்காக எடுக்க அனுமதி, கேளுங்கள். விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்கவென்றே 2013இன் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

அப்புறம் ஜிம்மில் தரும் சத்துப் பவுடர். அதிலும் தடைப்பட்ட மருந்து கலந்திருக்கலாம். ஜிம்காரர் ஒருவர் லேபிள் இல்லாத டப்பா தந்தார், கானில் கொட்டினேன். "தெரியாமல் குடித்தேன் சேர்" என்றால் ஊக்கமருந்து விசாரணையில் எடுபடாது.