டிஜிட்டல் கார்டில் முதலில் திசை, அப்புறம் கிளாக்

டேட்டா அக்விசிஷன் கார்டில் (வெளிச் சிக்னல்களைக் கணினியோடு இணைக்கும் கார்டு) டிஜிட்டல் லைன்களை அமைக்கும்போது, எது இன்புட், எது அவுட்புட் என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். எல்லாக் கார்டிலும் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாகத் திசை கொடுக்க முடியாது. 8255 சிப் உள்ள பழைய கார்டுகளில் ஏ, பி போர்ட்டுகள் (எட்டு லைன் கொண்ட தொகுதிகள்) எட்டு பிட்டும் சேர்ந்தேதான் மாறும். சி போர்ட்டை மட்டும் நாலு நாலாகப் பிரிக்கலாம். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: அந்தச் சிப்பில் ஒரு போர்ட்டின் திசையை மாற்ற கன்ட்ரோல் வேர்டு (அமைப்பைச் சொல்லும் கட்டளை எண்) எழுதினால், மற்ற அவுட்புட்டுகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும். ரிலே ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் சட்டென்று நின்றுவிடும். அதனால் திசையை நிரலின் தொடக்கத்தில் ஒரே தடவை அமைத்து, அவுட்புட் மதிப்புகளை உடனே எழுதிவிடுவதுதான் நல்லது.

சரி, நேரத்துக்கு வருவோம். சுவிட்ச் நிலையைப் பார்க்க, எல்இடி எரியவைக்க மென்பொருள் வேகமே போதும். சீரான இடைவெளி வேண்டுமென்றால் கார்டின் சாம்பிள் கிளாக்கை (ஒவ்வொரு மதிப்பையும் எப்போது படிக்க, எழுத வேண்டும் என்று சொல்லும் துடிப்பு) பயன்படுத்துங்கள். அனுப்பும் பக்கம் கிளாக்கின் ஏறுமுனையில் (0-இலிருந்து 1-க்கு மாறும் கணம்) டேட்டாவை மாற்றினால், வாங்கும் பக்கத்தை இறங்குமுனையில் படிக்க வையுங்கள். 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில், அது 1-இல் இருக்கும் நேரமும் 0-இல் இருக்கும் நேரமும் சமம் என்றால், சிக்னல் நிலைபெற 500 நானோசெகண்டு கிடைக்கும். இரண்டையும் ஒரே முனையில் வைத்தால் பழைய மதிப்பு வருமா, புதியது வருமா என்று சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கச் சாதனத்தின் வேகம் சீராக இல்லையென்றால் ஹேண்ட்ஷேக் முறைக்கு (இரு பக்கமும் ‘தயார்’, ‘கிடைத்தது’ என்று சிக்னல் கொடுத்துக்கொள்வது) போங்கள். எப்படியானாலும் வாங்கும் வேலையை முதலில் தொடங்கிவிட்டு, பிறகு அனுப்புங்கள். இல்லாவிட்டால் முதல் சில சாம்பிள்கள் கைக்கு வராது.