கேமராவுடன் தனியே வியட்நாம்: திடீர்ப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த ஊரில் எத்தனை நாள் தங்குவது என்று முடிவு செய்யாமல் தனியே வெளிநாடு செல்வது புகைப்படம் எடுப்பவருக்கு உண்மையிலேயே பயன் தரும் சுதந்திரம். வெளிச்சம் நன்றாக அமைந்த ஊரில் கூடுதலாக ஒரு நாள் இருக்கலாம், மழை பிடித்துக்கொண்டால் வேறு பக்கம் நகரலாம். ஆனால் ஊர் வரிசையைத் திறந்து வைப்பதோடு நில்லாமல் ஆவணங்கள், பருவம், காப்பீடு ஆகியவற்றையும் அப்படியே விட்டுவிடுவதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன. இந்தியர்கள் இப்போது நினைத்தவுடன் கிளம்பும் நாடுகளுள் ஒன்றான வியட்நாமை வைத்து இதைப் பார்க்கலாம்.

2023 ஆகஸ்ட் 15 முதல் அந்நாடு 90 நாள் வரையிலான மின்னணு விசா வழங்குகிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். மூன்று வேலை நாள்களில் கிடைக்கும் என்று நம்பி நான்காம் நாளுக்கு விமானச் சீட்டு எடுப்பது முதல் தவறு, ஏனெனில் வார இறுதியும் ‘டெட்’ எனப்படும் சந்திரப் புத்தாண்டு போன்ற விடுமுறைகளும் வேலை நாள்களில் சேரா. அவசரத்தில் அரசுத் தளத்தைப் போலவே தோன்றும் முகவர் தளங்களில் பல மடங்கு கட்டணம் செலுத்துவது இன்னொன்று. நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலியாகவே இருப்பதால், விமானச் சீட்டில் தந்தை பெயரைச் சேர்த்தும் விசாவில் சேர்க்காமலும் எழுதிவிட்டால் விமான நிலைய முகப்பிலேயே நிறுத்தப்பட நேரிடும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுவதே வழி.

கடைசி நேரச் சீட்டு விலை அதிகம் என்பதால் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒன்றும் அங்கிருந்து ஹனோய்க்கு ஒன்றுமாகத் தனித்தனிச் சீட்டுகளை வாங்குவோர் உண்டு. இடையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால் குடிநுழைவைக் கடந்து வெளியே வர வேண்டும். அதற்குப் பொதுவாகச் சிங்கப்பூர் விசா தேவை.

பருவம்தான் படங்களைத் தீர்மானிக்கிறது என்பதால் இதில் செய்யும் தவறுக்குப் பரிகாரம் கிடையாது. வடக்கு, நடு, தெற்கு வியட்நாம் மூன்றுக்கும் ஒரே வானிலை இல்லை. சென்னையின் வடகிழக்குப் பருவமழைக்குத் தப்பலாம் என்று எண்ணி நவம்பரில் ஹோய் ஆன் சென்றால், அதே மாதங்களில் நடு வியட்நாமின் கடற்கரையும் மழையில் நனைந்துகொண்டிருக்கும்; சில ஆண்டுகளில் அந்தப் பழைய நகரின் தெருக்களில் படகு ஓடும் அளவுக்கு வெள்ளம் ஏறும். வடக்கே மூ காங் சாய் படிவயல்கள் செப்டம்பர் பிற்பகுதியில் பொன்னிறமாகவும், நடவுக்கு நீர் பாய்ச்சும் மே, ஜூன் மாதங்களில் வானத்தைக் காட்டும் கண்ணாடியாகவும் இருக்கும். அறுவடை முடிந்தபின் செல்பவருக்கு அறுத்த நெல்லின் அடித்தாள்கள்தாம் மிஞ்சும். ஹனோய்க்கும் ஹோ சி மின் நகருக்கும் இடையே இருப்புப்பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர், ரயிலில் முப்பது மணி நேரத்துக்கும் மேல். ஒரே வாரத்தில் இரு முனைகளையும் தொட முயல்பவர் விடியலையும் அந்தியையும் பேருந்து இருக்கையில் கழிப்பார். ஒரு வாரம்தான் உண்டென்றால் வடக்கோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

மிகவும் ஆபத்தான தவறு வடக்கு வியட்நாமின் ஹா ஜியாங் மலைச்சாலைகளில் நடக்கிறது. கடைக்காரர் உரிமம் கேட்காமல் மோட்டார் சைக்கிளைத் தந்துவிடுவதால் ஓட்டுவது சட்டப்படி சரி என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இந்தியாவில் வழங்கப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி அமைந்தது. வியட்நாம் ஏற்பதோ 1968ஆம் ஆண்டு உடன்படிக்கையின் அனுமதியை. ஆகவே காவலர் பிடித்தால் அபராதம், விழுந்தால் அதைவிட மோசம்: செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டியதைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுக்கலாம். உள்ளூர் ஓட்டுநரை அமர்த்திப் பின்னால் அமர்ந்து செல்லும் முறைக்கு அங்கே ‘ஈசி ரைடர்’ என்று பெயர். கூடுதல் செலவுதான், ஆனால் இரு கைகளும் கேமராவுக்கு மிஞ்சும். மா பி லெங் கணவாயில் எந்த வளைவில் நிறுத்தினால் ஆறு தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். வண்டிக்குப் பிணையாகக் கடவுச்சீட்டை ஒப்படைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, உதிரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஒன்றின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணிதான், ஆயினும் அதன் மேல் அச்சிட்ட அளவு அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிமுதலாகலாம். ட்ரோனுக்கு முன்கூட்டியே அரசின் அனுமதி வேண்டும் என்பதால் திடீர்ப் பயணத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் நீராவி படியும். அது விலகக் காத்திருக்கும் கால் மணி நேரத்திலேயே விடியற்காலை வெளிச்சம் போய்விடும். பையை மூடியபடியே வெளியே வைத்து, வெப்பம் ஏறியபின் திறக்க வேண்டும். தனியே செல்பவரின் பைக்குக் காவல் யாரும் இல்லாததால், படங்களின் நகல் கேமரா இருக்கும் அதே பையில் இருக்கக் கூடாது.

பணத்தில் ஒரு சிறு எச்சரிக்கை: வியட்நாம் நாணயமான டாங்கில் 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் நீல நிறச் சாயல் கொண்டவை, மங்கலான வெளிச்சத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை நீட்டிவிடுவது எளிது. பணம் எடுக்கும் தானியங்கி இயந்திரம் (ஏ.டி.எம்.) ரூபாயில் கணக்கிடவா என்று கேட்டால் மறுத்து டாங்கையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ராணுவ, எல்லைக் காவல் நிலையங்களையும் ஹோ சி மின் நினைவுக் கல்லறையின் உட்புறத்தையும் படம் எடுக்கக் கூடாது. மலைக்கிராமங்களில் மோங் இன முதியவர்களின் முகத்தருகே கேட்காமல் கேமராவை நீட்டுவதைப் பயணிகள் சாதாரணமாகச் செய்கிறார்கள். நம் வீட்டுத் திண்ணையில் ஒருவர் அப்படிச் செய்தால் பொறுப்போமா? சைகையால் கேட்டாலே பெரும்பாலும் போதும், மறுத்தால் நகர்ந்துவிட வேண்டும்.

விலையுயர்ந்த கேமராவும் லென்ஸும் கொண்டுசெல்பவர், அவற்றின் வரிசை எண்களைக் காட்டி, இந்தியாவிலிருந்து புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் திரும்பும்போது, வெளிநாட்டில் வாங்கியவை அல்ல என்று நிறுவ இந்தியாவில் வாங்கிய ரசீதுகளைத் தேட வேண்டியிருக்கும். புறப்படும் நாளில் இதற்கென ஒரு மணி நேரம் முன்னதாகவே விமான நிலையம் சென்றுவிடுவது நல்லது.