நெட்வொர்க் வழியாகச் சர்வரில் ஓஎஸ் இமேஜ் (இயங்குதளத்தின் நிறுவல் நகல்) ஏறாதபோது எங்கே பார்ப்பது?

நிறுவல் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத் திரையில் பார்த்து உறுதிசெய்யாமல் இமேஜை மீண்டும் உருவாக்கத் தொடங்க வேண்டாம். பல சமயங்களில் இமேஜில் குறையே இருப்பதில்லை.

ஐபி முகவரியே கிடைக்கவில்லையெனில், முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் வேறு விலானில் (தனியாகப் பிரிக்கப்பட்ட நெட்வொர்க் பகுதியில்) இருக்கிறதா, அப்படியானால் இடையிலுள்ள ரவுட்டரில் முகவரிக் கோரிக்கையை அங்கே அனுப்பும் ரிலே அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்துச் சுவிட்சைக் கவனியுங்கள். நெட்வொர்க்கில் சுழல் பாதை உருவாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயல்பு அமைப்பிலேயே இருந்தால், இணைப்பு விளக்கு எரிந்த பின்னும் போர்ட் சுமார் 30 விநாடிகள் தரவைக் கடத்தாமல் இருக்கலாம். அதற்குள் பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியே சர்வரைத் தொடக்கும் முறை) தன் முயற்சியைக் கைவிட்டுவிடக்கூடும் என்பதால், அந்தப் போர்ட்டை எட்ஜ் போர்ட்டாக (காத்திருக்காமல் உடனே தரவைக் கடத்துவதாக) மாற்றுவது நல்லது.

முகவரி கிடைத்தும் பூட் கோப்பு இறங்காவிட்டால் ஃபயர்வாலைச் சோதியுங்கள். பூட் கோப்பைக் கேட்கும் டிஎஃப்டிபி கோரிக்கை யுடிபி 69-ஆம் போர்ட்டுக்குச் சென்றாலும் கோப்பு வழக்கமாக வேறொரு போர்ட்டிலிருந்தே வருகிறது. ஆகவே 69-ஐ மட்டும் திறந்துவைப்பது போதாமல் போகலாம். கோப்பு இறங்கியும் இயங்கவில்லையெனில், யுஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையில் இயங்கும் சர்வருக்குப் பழைய பயாஸுக்கான கோப்பு போகிறதா என்று சரிபாருங்கள்.

நிறுவி தொடங்கிய பிறகு நெட்வொர்க் மறைந்துபோவதுதான் பலரையும் குழப்புகிறது. பிஎக்ஸ்இ கட்டத்தில் நெட்வொர்க் கார்டை இயக்குவது ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்துள்ள மென்பொருள்); அதன்பின் பூட் இமேஜுக்குள் உள்ள டிரைவர்தான் இயக்க வேண்டும். எனவே முதல் கட்டத்தின் வெற்றி டிரைவர் இருப்பதற்குச் சான்றாகாது. வட்டு தெரியாதபோதும் பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு கன்ட்ரோலரின் டிரைவரையும், அதில் வால்யூம் (ஒரே வட்டாகத் தெரியும் தொகுப்பு) உருவாக்கப்பட்டுள்ளதா என்பதையும் இவ்வாறே பாருங்கள்.